ஆமென் சொல்லாத அக்கா

எங்கள் சபையில் யார் ஜெபம் பண்ணினாலும் முடிந்ததும் எல்லாரும் ஆமென் சொல்லிவிடுவார்கள். ஒருவர் மட்டும் யோசிப்பார். யோசித்த பிறகும் பல சமயம் சொல்லமாட்டார்.

போத்தனூருக்குக் குடிவந்த புதிதில் எனக்கு இது தெரியாது. என் கணவருக்கு ரயில்வேயில் மாற்றல் ஆகியிருந்தது. எனக்குப் பீளமேட்டில் ஒரு கணினி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. முதல் வெள்ளிக்கிழமையே பக்கத்துத் தெருவில் நடந்த வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போனோம். புதிதாக வந்தவர் ஜெபிக்கட்டும் என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு, "அன்புள்ள பிதாவே, எங்களுக்காகச் சிலுவையில் மரித்தீரே, உமக்கு நன்றி" என்று ஆரம்பித்து, ஓரளவு நன்றாகவே முடித்தேன். வீடே ஆமென் என்றது.

பஜ்ஜித் தட்டு சுற்றி வந்தபோது, கஞ்சி போட்ட பருத்திப் புடவை கட்டிய ஓர் உயரமான அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும்.

"ஏனுங்க கண்ணு, ஜெபம் நெம்ப நல்லா இருந்துச்சுங்க."

"தேங்க்ஸ் அக்கா."

"கொரலு நல்லாருக்குது. தப்பா எடுத்துக்காதீங்க. பிதா சிலுவையில மரிக்கலீங்க."

எனக்குப் புரியவில்லை.

"மரிச்சது குமாரனுங்க. பிதாவே மரிச்சாருன்னு சொல்றது அந்தக் காலத்துலயே சபை தள்ளிப்போட்ட துர்உபதேசமுங்க. பஜ்ஜி எடுத்துக்குங்க கண்ணு, ஆறிப்போகுது."

அவ்வளவு மரியாதையோடு என்னை யாரும் அதுவரை மதத்துரோகி ஆக்கியதில்லை. பஜ்ஜியைத் தின்றேன்.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் சபையில் அதை யாரும் பயன்படுத்தியதாக எனக்கு நினைவில்லை. முன்னால் அக்கா என்பார்கள். பின்னால் உபதேச அக்கா என்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பீளமேட்டில் ஒரு மில்லில், நெய்து வரும் துணியில் பிழை பார்க்கும் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சின்னதாகச் சொந்த வீடு. வீட்டில் இருந்த ஒரே அலமாரியில் பாத்திரங்கள் கீழ்த்தட்டிலும் வேத விளக்கவுரைகள் மற்ற எல்லாத் தட்டுகளிலும் இருந்தன.

அக்காவின் ஆமென் எங்கள் ஊரில் ஒரு முத்திரை மாதிரி. அது விழுந்தால் ஜெபம் பாஸ். விழாவிட்டால், ஜெபித்தவர் செருப்பு மாட்டுவதற்குள் அக்கா பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். பெரிய பெரிய ஆட்களெல்லாம் கூட்டம் முடிந்ததும் பின்வாசல் வழியாக நழுவியதை நானே பார்த்திருக்கிறேன். பாட்டிலும் அப்படித்தான். எல்லோரோடும் சேர்ந்து உரக்கப் பாடிக்கொண்டு வருவார். ஏதாவது ஒரு வரியில் திடீரென்று உதட்டை இறுக மூடிக்கொள்வார். அந்த வரியில் கோளாறு என்று அர்த்தம். ஒருமுறை இளைஞர்கள் சொந்தமாகக் கட்டிய பாட்டில், நானில்லாமல் நீரில்லை என்று ஒரு வரி வந்தது. வெளியே வந்ததும் அக்கா அந்தப் பையனிடம், "நாம இல்லாமயே அவரு நெம்ப நாளா நல்லாத்தான் இருந்தாருங்க தம்பி" என்றார். அவன் அதோடு பாட்டுக் கட்டுவதை விட்டுவிட்டு கிட்டாருக்கு மாறினான்.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவர் கை வைத்த வருடம் மறக்க முடியாதது. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகள் மூன்று பேர் என்று பைபிளில் எங்கும் எழுதியில்லை, மேலும் அவர்கள் மேய்ப்பர்கள் வந்த ராத்திரியே வரவில்லை, பிற்பாடுதான் வந்தார்கள் என்று அக்கா நிரூபித்துவிட்டார். எண்ணிக்கை தெரியாததால், ஞானியாக ஆசைப்பட்ட பிள்ளைகள் எல்லோரும் ஞானிகள் ஆனார்கள். மேய்ப்பனாக ஒரே ஒருவன் மிஞ்சினான். பிற்பாடு வரவேண்டும் என்பதால் ஞானிகள் அத்தனை பேரும் ஜிகினா கிரீடத்தோடு வெளியே நிறுத்திவைக்கப்பட்டார்கள். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகுதான் அவர்களுக்கு உள்ளே வர அனுமதி. அவர்கள் பொன்னும் தூபவர்க்கமும் கொண்டுவந்து சேர்ந்தபோது பிரியாணி தீர்ந்திருந்தது.

அக்காவின் சொந்த ஜெபத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அதில் பிழை இருக்காது. தேவரீர் என்று தொடங்கி, தேவனுடைய குணாதிசயங்களை வரிசையாகச் சொல்லி, படைப்பு, வீழ்ச்சி, பிதாக்கள், தீர்க்கதரிசிகள் என்று இறங்கி வரும். பாஸ்டரின் சின்ன மகன் ஒருமுறை காய்ச்சலில் கிடந்தபோது அவன் தலைமாட்டில் நின்று ஜெபித்தார். ஜெபம் தீர்க்கதரிசிகளைத் தாண்டுவதற்குள் பையன் எழுந்து பந்து விளையாடப் போய்விட்டான். "அற்புதம்!" என்று ஒருவர் கண்ணைத் துடைத்தார். அக்கா அவரையும் விடவில்லை. "மாத்திர வேலை செஞ்சுபோட்டுதுங்க. மாத்திரையும் கர்த்தரு குடுத்ததுதான். அதுக்கு நன்றி சொல்லுங்க, இல்லாத அற்புதத்துக்குச் சொல்லாதீங்க."

சபையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்காருவதற்கு யாருக்கும் தைரியம் இருக்காது. ஒரே ஒருவர் உட்காருவார், சாந்தியக்கா.

சாந்தியக்கா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை போட்டிருந்தார். கணவர் இல்லை. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்திருந்தார், அவள் பெங்களூரில் இருந்தாள். ரொம்ப வருடமாகச் சர்க்கரை. மாத்திரைக்கு அடங்காமல் ஊசிக்கு வந்திருந்தது. சாந்தியக்காவுக்கு உபதேசம் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் கர்த்தர் அடுப்படியிலேயே நிற்பது மாதிரி எந்நேரமும் பேசிக்கொண்டிருப்பார். "அப்பா, மாவு புளிக்கல, நீங்கதான் பாத்துக்கோணும்." "அப்பா, கரண்ட்டு போயிருச்சு, கிரைண்டர்ல பாதி அரிசி நிக்குது." பிதா, குமாரன், ஆவியானவர், மூவருக்கும் அவர் ஜெபத்தில் ஒரே பெயர்தான், அப்பா.

"மூணு பேரையும் ஒண்ணாப் போட்டுக் கரைக்கிறியே புள்ள, அது என்ன மாவா?" என்று அக்கா கேட்பார்.

"அவுங்களுக்குள்ள பிரிச்சு எடுத்துக்குவாங்கக்கா."

இப்படித்தான் வருடக்கணக்காக நடந்தது. அக்கா திருத்துவார். சாந்தியக்கா, "சரிங்கக்கா" என்பார். அடுத்த வாரம் அதே மாதிரி ஜெபிப்பார். அக்கா ஆமென் சொல்லாமல் உட்கார்ந்திருப்பார். பிறகு இருவரும் சேர்ந்து நடந்து போவார்கள். சாந்தியக்காவின் தூக்குப் போசியில் அக்காவுக்கென்று தனியாகத் தேங்காய்ச் சட்னி இருக்கும்.

அந்த வருடம் எங்கள் பாஸ்டர் வெளியூரிலிருந்து ஓர் ஊழியக்காரரை அழைத்துவந்து எழுப்புதல் கூட்டம் வைத்தார். பாஸ்டர் நல்ல மனுஷர். சபையில் கூட்டம் குறைந்துகொண்டு வந்த கவலை அவருக்கு. கல்யாண மண்டபம் பிடித்து, வாசலில் ஆளுயரத்துக்குப் பேனர் கட்டினார்கள். வெள்ளைக் கோட்டும் வெள்ளைப் பேண்ட்டும் போட்ட ஊழியக்காரரின் படத்துக்குக் கீழே, ஆண்டவரை உங்கள் ஊருக்கு அழைத்து வருகிறார் என்று போட்டிருந்தது.

அக்கா பேனர் முன்னால் நின்று பாஸ்டரைக் கூப்பிட்டார். "ஏனுங்க பாஸ்டர், ஆண்டவரை இவரு கூட்டிக்கிட்டு வாராருங்களா? அதுக்கு முந்தி அவரு எங்கீங்க போயிருந்தாரு?"

பாஸ்டர் சிரித்து மழுப்பிவிட்டு மைக் செட்டைப் பார்க்கப் போனார். உள்ளே போய் உட்காருவதற்குள் அக்கா இன்னும் இரண்டு மூன்று குறை கண்டுபிடித்திருந்தார். மேடைத் திரையில் போட்ட சிலுவையின் நிறத்தில்கூட அவருக்கு ஒரு கருத்து இருந்தது.

ஊழியக்காரர் நன்றாகப் பேசினார். அழவைத்தார், சிரிக்கவைத்தார், மறுபடி அழவைத்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார். "உன் பையில இருக்கற அந்த மாத்திரை என்ன சொல்லுது தெரியுமா? நீ இன்னும் அவரை நம்பலைன்னு சொல்லுது. இன்னைக்கு நம்புறவங்க எழும்பி வாங்க. அந்த அவிசுவாசத்தைக் கொண்டுவந்து இந்தக் கூடையில போடுங்க!" கீபோர்டு உருக ஆரம்பித்தது. மேடைக்கு முன்னால் ஒரு பெரிய பிரம்புக் கூடையை வைத்தார்கள். ஜனங்கள் அழுதுகொண்டே போனார்கள். கூடையில் மாத்திரை அட்டைகள் விழுந்தன. எங்கள் வரிசையிலிருந்து சாந்தியக்கா எழுந்தார். கைப்பையிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்துக்கொண்டு, கன்னமெல்லாம் கண்ணீராக முன்னால் போனார்.

அக்கா எழுந்து நின்றுவிட்டார். "ஏனுங்க ஐயா! ஒரு சந்தேகமுங்க!"

பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "உக்காருங்கக்கா. உங்களுக்கு எப்பத்தான் சந்தேகம் இல்ல?" நாலைந்து பேர் சிரித்தார்கள். பாஸ்டர் குனிந்தபடி ஓடிவந்து கைகூப்பினார்.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள் விட்டுருங்கக்கா."

"ஒரு நாள் உட்டா உசுரு போயிருமுங்க பாஸ்டர். அவளுக்கு ஊசி இல்லாம ஆகாது."

"போன மாசம் பாட்டுக்கு மெட்டு மாத்தினப்பவும் உசுரு போயிரும்னுதான் சொன்னீங்க."

அக்கா வாயைத் திறந்தார். ஞானிகளுக்கும் பேனருக்கும் பாட்டு மெட்டுக்கும் எந்தக் குரலில் சத்தம் போட்டாரோ அதே குரல்தான் அவரிடம் இருந்தது. இந்த ஒரு நாளுக்கென்று வேறு குரல் எடுத்துவைக்கவில்லை. கீபோர்டு சத்தத்தைக் கூட்டினார்கள். சாந்தியக்கா பேனாவைக் கூடையில் போட்டுவிட்டு, பறிகொடுத்தவர் மாதிரியும் பரிசு வாங்கியவர் மாதிரியும் திரும்பி வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் சபைக்கு வந்தார், முகமெல்லாம் மினுமினுப்பு. அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை. இட்லிக் கடையும் திறக்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கண்ணு, உங்க ஸ்கூட்டர்ல என்னைய சாந்தி ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

போனோம். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. சாந்தியக்கா கட்டிலில் போர்த்திப் படுத்திருந்தார். செருப்பு கடித்த புண் வலது பாதத்தில் பரவியிருப்பது போர்வைக்கு வெளியே தெரிந்தது. வாடை ஜன்னல் வரை வந்தது.

"சாந்தி, ஆஸ்பத்திரிக்குப் போலாம், எந்திரி புள்ள."

"அவரு சொகம் குடுத்துட்டாருங்கக்கா. இது சோதனை. முடிஞ்சிரும்."

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். தேவன் சுகம் கொடுக்கிறவர்தான், ஆனால் சாதாரண வழிகளின் மூலமாகவும் கொடுக்கிறார். சுவிசேஷம் எழுதியவர்களிலேயே ஒருவர் வைத்தியர். அப்போஸ்தலரே வயிறு சரியில்லாத சீடனுக்குக் கைவைத்தியம் சொல்லியிருக்கிறார். விசுவாசம் வேறு, தேவனைப் பரீட்சை பார்ப்பது வேறு. ஒவ்வொன்றும் சரி. ஒன்றில்கூடப் பிழை கிடையாது. வெயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கே பரீட்சை எழுதினால் பாஸாகிவிடுவேன் போலிருந்தது.

சாந்தியக்கா கடைசிவரை கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நீங்க சொல்றதெல்லாம் சரியாத்தான் இருக்குமுங்கக்கா. அவரப் பத்தி உங்களுக்கு எல்லாமே தெரியுது. ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? அவருகூட நீங்க எப்பவாச்சும் பேசியிருக்கீங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அக்கா ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தார். "போலாங்க கண்ணு" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தார். வழக்கமாகப் பின்னால் உட்கார்ந்தால் வழியெல்லாம் ஏதாவது விளக்கிக்கொண்டு வருவார். அன்று கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி வந்தார். ரயில்வே பாலத்துக்குக் கீழே நெரிசலில் நின்றபோது என் தோளில் தட்டினார்.

"திருப்புங்க."

"என்னங்கக்கா?"

"வண்டியத் திருப்புங்க கண்ணு."

இந்த முறை அவர் ஜன்னலுக்குப் போகவில்லை. கதவை இரண்டு கையாலும் தட்டினார், சாந்தியக்கா தட்டுத்தடுமாறி வந்து திறக்கும்வரை தட்டினார். அவரைப் பிடித்துக் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்கவைத்தார். பிறகு முழங்கால் போட்டார். முட்டி வலிக்காரர், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு பாதி பாதியாகத்தான் இறங்க முடிந்தது. கண்ணை மூடினார்.

"தேவரீர்…"

நின்றுவிட்டது. மறுபடி, "தேவரீர்" என்றார். மேலே போகவில்லை. மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. படைப்பு, வீழ்ச்சி எதுவும் வரவில்லை. பிறகு, கொல்லையில் இருக்கும் வீட்டுக்காரரைக் கூப்பிடுவது மாதிரி ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க…"

நான் கண்ணைத் திறந்துவிட்டேன்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க. இவ காலைப் பாருங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலீங்க. இத்தன வருசம் உங்களப் பத்தியே பேசிப்போட்டேன். உங்ககிட்டப் பேசலீங்க. அதுக்கு இவளப் போட்டுத் தண்டிச்சுப்போடாதீங்க."

ஒருவர் செய்ததற்கு இன்னொருவரைக் கடவுள் தண்டிப்பார் என்று வேறு யாராவது ஜெபித்திருந்தால் அக்கா அந்த ஆளை வாசல்வரை துரத்தியிருப்பார். இப்போது அவருக்கே அது காதில் விழவில்லை.

"இவ போயிட்டா எம்பட பக்கத்துல யாருங்க உக்காருவாங்க? ஒருத்தரும் உக்காரமாட்டாங்க. எனக்குத் தெரியுமுங்க. இவ தப்புத் தப்பாவே ஜெபிக்கட்டுமுங்க. நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. உசுரோட ஜெபிக்கட்டுமுங்க…"

அதற்குமேல் முடியவில்லை. முடிக்கும்போது சொல்லவேண்டிய வழக்கமான வார்த்தைகள் ஒன்றுகூட இல்லாமல் ஜெபம் அங்கேயே அறுந்து நின்றது. அக்கா கட்டில் சட்டத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

கட்டிலிலிருந்து, "ஆமென்" என்று சாந்தியக்கா சொன்னார். பிறகு கையை நீட்டி அக்காவின் தலையைத் தொட்டார். "அக்கா, அழுவுறீங்களா?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"புள்ள, நான் இனி ஒண்ணும் சொல்லப்போறதில்ல. நீ அவருகூடப் பேசறவ. நீயே கேளு. ஊசியத் தூக்கிப் போட்டுட்டுச் சாவுன்னு அவரு உங்கிட்டச் சொன்னாரா, அந்தக் கோட்டுப் போட்ட ஆளு சொன்னானா?"

சாந்தியக்கா கண்ணை மூடினார். நாங்கள் காத்திருந்தோம். உதடு அசைந்தது. புருவம் சுருங்கியது. பரணில் கிடந்த ஏதோ பழைய பொருளை எடுத்து இது யார் கொடுத்தது என்று யோசிப்பவர் மாதிரி இருந்தது முகம்.

"அவரு சொல்லலீங்கக்கா" என்றார் கடைசியில். "நான் கூடையில போடறப்ப அவரு ஒண்ணுமே சொல்லல. ஒருவேள சொல்லியிருந்தாலும் அந்த மியூசிக் சத்தத்துல கேட்டிருக்காதுங்க."

நான் ஆட்டோ கூப்பிட வெளியே ஓடினேன்.

உயிர் தப்பியது. வலது காலில் கட்டை விரலும் அதற்கடுத்த விரலும் தப்பவில்லை. மகள் பெங்களூரிலிருந்து வந்து சேரும்வரை அக்கா ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். பாஸ்டர் பார்க்க வந்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். நின்றபடியே, "ஆண்டவரே, அந்த ஆளைக் கூட்டிட்டு வந்தது நான். என்னை மன்னியுங்க" என்று மட்டும் ஜெபித்தார். அக்கா உடனே, "ஆமென்" என்றார். அவ்வளவு சீக்கிரம் அந்த ஆமென் விழுந்து நாங்கள் கேட்டதே இல்லை. பாஸ்டர் பயந்துபோய்க் கண்ணைத் திறந்து பார்த்தார்.

சாந்தியக்கா வீட்டுக்கு வந்து, கைத்தடி பிடித்து நடக்கத் தொடங்கிய சமயத்தில் அந்த வீடியோ வந்தது. சபை வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். ஊழியக்காரரின் யூடியூப் பக்கம். கூடையில் பேனாவைப் போட்டுவிட்டு அழும் சாந்தியக்காவின் முகம் திரை முழுக்க. கீழே கொட்டை எழுத்தில், சர்க்கரை நோயிலிருந்து சம்பூரண விடுதலை. குழுவில் பாதிப் பேர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். அதில் சிலர் ஆஸ்பத்திரிக்கு வந்து ஆர்லிக்ஸ் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனவர்கள்.

சாந்தியக்கா என் போனை வாங்கி உற்றுப் பார்த்தார். "அழுவறப்ப எம்மூஞ்சி இப்பிடியா இருக்குது?" என்றார். கீழே இறங்கிப் பார்த்தபோது அடுத்த கூட்டத்தின் அறிவிப்பு இருந்தது. உடுமலைப்பேட்டையில். அந்தப் போஸ்டரிலும் ஓர் ஓரத்தில் சாந்தியக்கா அழுதுகொண்டிருந்தார்.

"போலாங்க" என்றார் அக்கா. "நான் போய் எந்திரிச்சு நின்னு கேக்கறேன்."

"நீங்க கேட்டா ஒருத்தரும் காது குடுக்கமாட்டாங்கக்கா."

மனசில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவார் சாந்தியக்கா. அக்கா அதை மறுக்கவில்லை.

"நான் பேசறேன்" என்றார் சாந்தியக்கா. "நீங்க உக்காந்து ஜெபம் பண்ணுங்க."

நான் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு உடன் போனேன். உக்கடத்தில் பஸ் ஏறி, பொள்ளாச்சி தாண்டும்வரை அக்கா பாடம் நடத்தினார். "மொதல்ல தேவனுடைய சர்வ ஏகாதிபத்தியத்தச் சொல்லிப்போடு. அப்பறம் சாதாரண வழிகள்…"

"அந்த மொத வார்த்தையே எனக்கு வாயில நுழையலீங்கக்கா."

"நுழையலீன்னா உடு. ஆனா பிதாவையும் குமாரனையும் போட்டுக் கொழப்பிப்போடாத."

"சரிங்கக்கா" என்றார் சாந்தியக்கா. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் காற்றில் அவர் தூங்கிவிட்டார். தூங்காமல் வந்தது அக்காதான்.

மத்தியானக் கூட்டம். தேங்காய் வியாபாரிகளும் தோட்டத்துக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களுமாக மண்டபம் நிறைந்திருந்தது. அதே கோட்டு, அதே தாழ்ந்த குரல், அதே கூடை. வாசலில் நின்ற தொண்டர்களுக்கு போஸ்டரில் இருக்கும் முகம் நேரில் வந்துவிட்டதில் ஒரே சந்தோஷம். முன் வரிசைக்கு அழைத்துப்போனார்கள். ஊழியக்காரருக்குத் தகவல் போனது. ஜனங்கள் கூடையில் மாத்திரைகளைப் போட்டு முடித்ததும் அவர் மைக்கில், "இதோ, போத்தனூரிலிருந்து நமது சகோதரி! விடுதலையின் சாட்சியை அவங்க வாயாலேயே கேளுங்க!" என்றார்.

சாந்தியக்கா கைத்தடியோடு மேடை ஏறினார். மைக்கை வாங்கினார். முதலில் வலது கால் செருப்பைக் கழற்றி, புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலை முன்னால் வைத்தார்.

"நல்லாப் பாத்துக்குங்க. ரெண்டு வெரலு இல்லீங்க. போன தடவ இதே கூடையிலதான் நான் ஊசியப் போட்டேன். ஆண்டவரு என்னையக் கைவிடலீங்க. எனக்குச் சொகம் குடுத்தாரு. டாக்டரு கையில குடுத்தாரு. ஊசி மருந்துல வெச்சுக் குடுத்தாரு. அவரு குடுத்ததத் தூக்கிக் கூடையில போட்டேன் பாருங்க, அதுதானுங்க என்னோட அவிசுவாசம்."

கீபோர்டு ஓசை எழுந்தது. "அட, சித்த நிறுத்துங்க தம்பி, பேசிக்கிட்டிருக்கேன்ல" என்றார் சாந்தியக்கா. அந்தப் பையன் நிறுத்திவிட்டான்.

"எங்கப்பா என்னையச் சாகச் சொல்லமாட்டாருங்க. சொன்னா அது எங்கப்பா இல்லீங்க, வேற ஆரோ."

அதில் பிழை ஒன்றும் இல்லை. விளக்கவுரை அலமாரி முழுவதையும் இட்லிச் சட்டியில் வைத்து இறக்கினால் இவ்வளவுதான் மிஞ்சும் என்று எனக்குத் தோன்றியது. அக்கா என்ன நினைக்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தையும் கேட்டதாகத் தெரியவில்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்து, கண்களை இறுக மூடியிருந்தார். உதடுகள் மட்டும் வேகவேகமாக அசைந்துகொண்டிருந்தன.

மைக்கை அணைத்தார்கள். ஊழியக்காரர் சாத்தானின் தந்திரம் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். அவர் மைக்கும் அதே இணைப்பில் இருந்ததால் அதுவும் கேட்கவில்லை. அதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து வேட்டி கட்டிய ஒரு பெரியவர் எழுந்துபோய்க் கூடையில் கைவிட்டுத் தேடி, தன் அட்டையை எடுத்துக்கொண்டார். அவரைப் பார்த்து ஓர் அம்மா போனார். பிறகு கூடையைச் சுற்றிக் கூட்டமாகிவிட்டது. "அது என்னுதுங்க." "இல்லீங்க, உங்களுது செவப்பு அட்டை." "ஏனுங்க, பிரஷர் மாத்திரைய ஆரு எடுத்தது?" விசுவாசத்தோடு போட்டதைவிட அதிக அவசரத்தோடு திரும்ப எடுத்தார்கள். அந்த அவசரத்திலும் 'ங்க' போட்டுப் பேசும் மரியாதையை விடவில்லை. ஊழியக்காரர் பக்கவாட்டுக் கதவு வழியாகக் காருக்குப் போனதைப் பலர் கவனிக்கவே இல்லை.

முதலில் எழுந்த பெரியவர் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தார். மேடையிலிருந்து இறங்கி வந்த சாந்தியக்காவைப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்து, வயதில் பெரியவர் என்று தோன்றியதோ என்னவோ, அவரிடம் கேட்டார்.

"ஏனுங்கம்மா, இதத் திருப்பி முழுங்கிப்போட்டா எனக்கு விசுவாசம் இல்லீன்னு ஆயிருமுங்களா?"

விசுவாசம் என்றால் என்ன, எது அல்ல, யார் யார் எந்தெந்தக் காலத்தில் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று சாயங்காலம் வரை பேச அக்காவிடம் சரக்கு இருந்தது. அந்தக் கேள்விக்காகத்தான் அவர் ஆயுள் முழுக்கப் படித்திருந்தார். வாயைத் திறந்தார். பெரியவர் மாத்திரையை அட்டையிலிருந்து பாதி பிதுக்கிவிட்டு நிற்பதைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி நீட்டினார்.

"மொதல்ல அதப் போடுங்க. மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க."

பெரியவர் போட்டுத் தண்ணீர் குடித்தார். தொண்டைக்குள் இறங்கும்வரை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். இறங்கியதும் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்றன், கேட்டுக்குங்க" என்று ஆரம்பித்தார்.

கோயமுத்தூர் பஸ் இரண்டை நாங்கள் விட்டுவிட்டோம்.